சிறிய தீவிலிருந்து பன்னாட்டு உறவுகளைப் படிக்கத் தொடங்கும் ஒருவருக்கு

மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவி என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பன்னாட்டு உறவுகள் என்ற படிப்பு எதைப் பற்றியது? அமெரிக்காவும் சீனாவும் முடிவெடுக்க நாம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உலக வழக்கம் என்னும்போது, மொரீசியஸில் இருப்பவர் இதைப் படித்து என்ன பயன்? படிப்பதென்றால் எங்கே தொடங்குவது?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குள்தான் மற்ற இரண்டுக்கும் விடை இருக்கிறது. பெரிய நாடுகளின் விருப்பம் உலகில் கூடுதலாகச் செல்லுபடியாகிறது என்று நீங்கள் நினைப்பது சரி. ஆனால் அதே காரணத்தால்தான் சிறிய நாட்டுப் பிள்ளைகள் இதைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். கணக்குத் தப்பினால் பெரிய நாடு தாங்கிக்கொள்ளும். 20 லட்சம் பேர்கூட இல்லாத, படையே வைத்துக்கொள்ளாத நம் நாடு தப்புக் கணக்குப் போட்டால், அதன் விலையை ஒரு தலைமுறை முழுவதும் கட்டிக்கொண்டிருக்கும்.

2020 ஆகஸ்ட் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது. பன்னிரண்டு நாள் கழித்து அதன் எரிபொருள் தொட்டி உடைந்து, ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. மாஹேபூர் கரையில் அந்த வாரம் நானும் இருந்தேன். கரும்புச் சோகையைத் துணிப்பைகளுக்குள் அடைத்து, வாயைத் தைத்து, வரிசையாகக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுக்கப் பார்த்தோம். முழங்கை வரைக்கும் கருப்பு. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே கிரியோலில் கேட்டார்: இதற்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள்?

அன்று அவருக்கு என்னால் சட்டென்று விடை சொல்ல முடியவில்லை. கப்பலின் உரிமையாளர்கள் ஜப்பானியர்கள். அதில் பறந்த கொடி பனாமாவினுடையது. கப்பல் தலைவர் இந்தியர். போய்க்கொண்டிருந்த இடம் பிரேசில். கெட்டுப்போன கடல் நம்முடையது. ஊருக்குள் வேலித் தகராறு வந்தால் காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கின்றன. தீர்ப்பை மீறுபவரைக் கையைப் பிடித்து இழுத்துவர ஆளும் இருக்கிறது. இத்தனை நாடுகள் சம்பந்தப்பட்ட ஒரு கேட்டில், எல்லாருக்கும் மேலே இருந்து ஆணையிடும் அரசாங்கம் என்று ஒன்று கிடையாது. 193 உறுப்பினர்கள் கொண்ட ஐக்கிய நாடுகள் சபை ஓர் உலக அரசாங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அரசுகள் கூடும் மன்றம். அதற்கெனச் சொந்தப் படை இல்லை. அதன் பாதுகாப்புச் சபையில் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று வீட்டோ என்னும் தடுப்பு உரிமையைப் பயன்படுத்தினாலும் தீர்மானம் விழுந்துவிடும்.

மேலே ஆளில்லாத இந்த நிலையில் அரசுகள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன, ஏன் சில வேளை சண்டையிட்டும் பல வேளை ஒத்துழைத்தும் வாழ்கின்றன என்பதை ஆராய்வதே பன்னாட்டு உறவுகள் என்ற துறை. உங்கள் முதல் கேள்விக்கு என்னால் தரமுடிந்த மிகச் சுருக்கமான விடை இது.

வகாஷியோவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கப்பலால் வரும் சேதத்துக்கு அதன் உரிமையாளர் அதிகபட்சம் எவ்வளவு ஈடு தர வேண்டும் என்று வரம்பு வைக்கும் ஒப்பந்தம் ஒன்று 1976இல் உருவானது. அந்த வரம்பை உயர்த்தி 1996இல் ஒரு திருத்த நெறிமுறை வந்தது. கப்பல் தட்டியபோது நம் நாடு பழைய ஒப்பந்தத்தில் மட்டுமே உறுப்பினராக இருந்தது. ஜப்பானோ புதியதில் சேர்ந்திருந்தது. எங்கோ ஓர் அலுவலக மேசையில் போடப்படாத கையெழுத்து ஒன்று, ஒரு மீனவரின் நட்டஈட்டுக் கணக்கையே மாற்றிவிடக்கூடும் என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள். இதைப் படிப்பதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கையெழுத்தின் கதையைத்தான்.

பல்கலைக்கழகத் துறையாக இது இளையது. முதல் உலகப் போரின் அழிவைக் கண்டவர்கள், போர் ஏன் மூள்கிறது என்பதைத் தனியாக ஆராய வேண்டுமென்று எண்ணி 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் இதற்கான முதல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார்கள். சிந்தனை அதைவிட மிகப் பழையது. கௌடில்யர் அண்டை அரசுகளை நட்பு, பகை என்று வட்டம் வட்டமாக அடுக்கிப் பார்த்தார். நம் திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. தூதுக்கென்றே தனி அதிகாரமும் உண்டு. “வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்” என்ற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். செய்யப்போகும் காரியத்தின் வலிமை, நம் வலிமை, எதிரியின் வலிமை, இருவருக்கும் துணை வருபவர்களின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்ட பிறகே இறங்கு என்கிறது அது. நான்காவதாக வரும் துணைவலிதான் சிறிய நாட்டுக்கு உயிர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதில் முழுவதும் அதைத்தான் சுற்றிவரும்.

முதல் ஆண்டு வகுப்பில் உங்களுக்குப் பல கொள்கைகளைச் சொல்லித்தருவார்கள். முதலில் வருவது எதார்த்தவாதம். மேலே காவலர் இல்லாத உலகில் ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும், ஆகவே கடைசியில் செல்லுபடியாவது படைபலமே என்பது அதன் சாரம். இதற்கு அவர்கள் எப்போதும் காட்டும் சான்று, நம்மைப் போன்ற ஒரு சிறு தீவின் கதை. கி.மு. 416இல் ஏதென்ஸின் கடற்படை மீலோஸ் தீவைச் சூழ்ந்து நின்று பணியச் சொன்னது. நாங்கள் யார் பக்கமும் இல்லை, நியாயம் எங்களிடம் இருக்கிறது, ஸ்பார்ட்டா உதவிக்கு வரும் என்று மீலோஸ் மக்கள் வாதாடினார்கள். ஸ்பார்ட்டா வரவில்லை. தீவு விழுந்ததும் ஆண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். துணைவலியைத் தூக்கிப் பார்த்ததில் நேர்ந்த பிழைக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டை நான் அறியேன்.

தாராளவாதிகள், வணிகமும் சட்டமும் கூட்டு அமைப்புகளும் அரசுகளின் கையைக் கட்டுகின்றன, காலப்போக்கில் அவற்றின் நலன்களையும் இணைக்கின்றன என்பார்கள். கன்ஸ்ட்ரக்டிவிசம் என்ற மூன்றாவது தரப்பார், எது நியாயம், எது வெட்கக்கேடு என்பது பற்றி அரசுகளிடையே நிலவும் பொதுக் கருத்தும் ஓர் ஆற்றல்தான், அது மாறும்போது உலகமும் மாறுகிறது என்று வாதிடுவார்கள். மார்க்சியர், பெண்ணியர், காலனியத்தை விமர்சிப்பவர் ஆகியோரின் பார்வைகளும் உண்டு. அவற்றை வகுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். கொள்கைகளின் பட்டியலை ஒப்பிப்பதைவிட, ஒரே ஒரு தகராறை எடுத்து எல்லாக் கொள்கைகளையும் அதன்மேல் உரசிப் பார்ப்பது பயன்தரும் என்பது என் அனுபவம். நமக்கு அதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. இந்தியப் பெருங்கடலில், விடுதலைக்கு முன் பிரிட்டன் நம்மிடமிருந்து பிரித்தெடுத்த சாகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது.

1965 செப்டம்பர் 23 அன்று லண்டனில், பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சன், அப்போது மொரீசியஸின் பிரீமியராக இருந்த சர் சிவசாகர் ராம்கூலாமைத் தனியே சந்தித்தார். அந்தச் சந்திப்புக்காக வில்சனுக்கு அவருடைய அலுவலகம் எழுதிக்கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளியானது. விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் காட்டியே ராம்கூலாமை அச்சுறுத்துவதுதான் நோக்கம் என்று அதில் எழுதியிருக்கிறது. அதாவது, சாகோஸை விட்டுக்கொடுத்தால் விடுதலை வரும், மறுத்தால் வராமல் போகலாம். ஒரு துப்பாக்கியும் அந்த அறைக்குள் வரவில்லை. அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஒரு குறிப்பு காட்டிவிடுகிறது. 30 லட்சம் பவுண்டு இழப்பீடும் சில வாக்குறுதிகளும் பேசி முடிக்கப்பட்டு, 1965 நவம்பர் 8 அன்று சாகோஸ் நம்மிடமிருந்து பிரிக்கப்பட்டது. குடியேற்ற நாட்டைத் துண்டாடாதே என்று அதே டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை கேட்டுக்கொண்டது. பிரிட்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. 1966 டிசம்பரில், டியேகோ கார்சியா உள்ளிட்ட சாகோஸ் தீவுகளை 50 ஆண்டுகளுக்கு அமெரிக்காவின் பயன்பாட்டுக்கு விடும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ராம்கூலாம் ஏன் இணங்கினார் என்ற கேள்விக்கு உங்கள் ஆசிரியர் மூன்று தளங்களில் விடை தேடச் சொல்வார். தனிமனிதர் என்ற தளத்தில், விடுதலையைத் தன் வாழ்நாள் இலக்காகக் கொண்டிருந்த ஒரு தலைவர். நாட்டின் உள்நிலை என்ற தளத்தில், விடுதலை வேண்டுமா என்பதிலேயே பிளவுபட்டிருந்த ஒரு சமூகம். 1967 தேர்தலில் விடுதலையை எதிர்த்த கட்சிக்கு ஏறத்தாழ 44 சதவீத வாக்கு விழுந்தது. உலக அமைப்பு என்ற தளத்தில், பனிப்போர்க் காலத்தில் இந்தியப் பெருங்கடலில் தளம் தேடிய அமெரிக்கா. என் கணிப்பில் மூன்றாவது தளமே மற்ற இரண்டையும் இறுக்கிப் பிடித்தது. அங்கே வேறு எந்தத் தலைவர் இருந்திருந்தாலும் தீவுகளைக் காப்பாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இதை ஏற்க வேண்டியதில்லை. மாறுபட்டால் காரணம் சொல்லி மாறுபடுங்கள்.

இதுவரை கதை மீலோஸைப் போலவே இருக்கிறது. அதன் பிறகு நடந்ததைத்தான் எதார்த்தவாதத்தால் எளிதாக விளக்க முடியவில்லை. தண்ணீருக்குள் முதலை வெல்லும், தண்ணீரை விட்டு வெளியே வந்தால் மற்றவை அதை வென்றுவிடும் என்று இடனறிதல் அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு. நமக்கான தண்ணீர் எது என்று கண்டுபிடிக்க நம்மவர்களுக்குப் பல்லாண்டுகள் ஆயின. சர்வதேச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போட முடியவில்லை. காமன்வெல்த் உறுப்பு நாடுகளோடு உள்ள தகராறுகளை அந்த நீதிமன்றத்தின் கட்டாய வரம்பிலிருந்து பிரிட்டன் விலக்கி வைத்திருந்தது. 2004இல் நம் அரசாங்கம் காமன்வெல்த்தை விட்டு வெளியேறியாவது வழக்குப் போடுவோம் என்று கூறியபோது, முன்னாள் உறுப்பினர்களுக்கும் அந்த விலக்குப் பொருந்தும் என்று பிரிட்டன் தன் அறிவிப்பைத் திருத்திக்கொண்டது. கதவு மூடப்பட்டது. 2010இல் சாகோஸைச் சுற்றி மீன்பிடிக்கத் தடைசெய்து கடல் பாதுகாப்புப் பகுதியை பிரிட்டன் அறிவித்தபோது, கடற்சட்ட ஒப்பந்தத்தின் வழியாக வேறொரு கதவு திறந்தது. 2015 மார்ச் 18 அன்று, அந்த அறிவிப்பு ஒப்பந்தத்துக்கு முரணானது என்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. இறையாண்மை யாருக்கு என்ற கேள்விக்குள் அந்த மன்றம் போகவில்லை.

அடுத்த படி பொதுச் சபை. அங்கே வீட்டோ கிடையாது. சீனாவுக்கும் ஒரு வாக்கு, நமக்கும் ஒரு வாக்கு. சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்கும் தீர்மானத்தை ஆப்பிரிக்க நாடுகள் முன்னின்று கொண்டுவந்தன. 2017 ஜூன் 22 அன்று 94 நாடுகள் ஆதரித்தன, 15 எதிர்த்தன, 65 ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கியவர்களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாடுகள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். தங்கள் கூட்டாளியான பிரிட்டனுக்காக அவை வாக்களிக்க முன்வரவில்லை. 2019 பிப்ரவரி 25 அன்று, மொரீசியஸின் காலனிய நீக்கம் சட்டப்படி நிறைவடையவில்லை, பிரிட்டன் தன் நிர்வாகத்தை இயன்ற விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் 13க்கு 1 என்ற கணக்கில் கருத்துரைத்தது. அவ்வாண்டு மே மாதம் அதைச் செயல்படுத்தக் கோரிய தீர்மானத்துக்கு 116 நாடுகள் ஆதரவளித்தன, எதிர்த்தவை 6.

ஆலோசனைக் கருத்துக்குக் கட்டாயப்படுத்தும் பலம் இல்லை. ஆயினும் அது சும்மா இருக்கவில்லை. 2021 ஜனவரியில், நமக்கும் மாலத்தீவுக்கும் இடையிலான கடல் எல்லை வழக்கில் சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு அந்தக் கருத்தைச் சட்ட விளைவுள்ளதாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், சாகோஸுக்காக பிரிட்டன் வெளியிடும் அஞ்சல் தலைகளை இனி ஏற்பதில்லை என்று உலக அஞ்சல் ஒன்றியம் முடிவு செய்தது. அஞ்சல் தலை விரல் நகத்தளவு காகிதம். ஆனால் ஒரு நிலம் யாருடையது என்பதை உலகம் ஏற்றுக்கொள்வது இப்படிப்பட்ட சிறிய காகிதங்கள் வழியாகத்தான். 2025 மே 22 அன்று, சாகோஸ் முழுவதும் மொரீசியஸின் இறையாண்மைக்கு உட்பட்டது என்றும், டியேகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்கு பிரிட்டன் குத்தகையாக வைத்துக்கொள்ளும் என்றும் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது வேறு, ஒவ்வொரு நாடும் தன் நடைமுறைப்படி அதை உறுதிசெய்து நடைமுறைக்குக் கொண்டுவருவது வேறு. இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது உரசிப் பாருங்கள். டியேகோ கார்சியாவிலுள்ள அமெரிக்கப் படைத்தளம் அப்படியே இருக்கப்போகிறதே என்று எதார்த்தவாதி கேட்பார். அது வலுவான கேள்வி. படையில்லாத நாடு வல்லரசைப் பேச்சுவார்த்தை மேசைக்கு வரவைத்தது சட்டமும் அமைப்புகளும்தானே என்பார் தாராளவாதி. 1965இல் இயல்பாகத் தெரிந்த ஒன்று 2019இல் வெட்கக்கேடாகிவிட்டதைச் சுட்டிக்காட்டுவார் மூன்றாமவர். மூவரும் ஆளுக்கொரு பகுதியைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

சர்க்கரை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரும்புக்காகத்தான் நம் முன்னோரில் பலர் 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். 1975இல், ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கும் இடையிலான லோமே உடன்படிக்கையோடு இணைந்து வந்த சர்க்கரை நெறிமுறைப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் சர்க்கரையை உறுதியான விலையில் ஐரோப்பாவுக்கு விற்றோம். பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து ஆகியவை ஐரோப்பாவின் சர்க்கரை மானியங்களை எதிர்த்து உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றன. அந்த வழக்கில் யாரும் நம்மைக் குறிவைக்கவில்லை. ஆனால் ஐரோப்பா 2006 முதல் தன் விலையை 36 சதவீதம் குறைக்கத் தொடங்கியது. 2009இல் நெறிமுறையும் முடிந்தது. உங்கள் தாத்தா வேலை பார்த்த ஆலை ஏன் மூடப்பட்டது என்று வீட்டில் கேட்டால், இந்த மூன்று நாடுகளின் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறை அரசுகளைப் பற்றியே பேசிப் பேசி மனிதர்களை மறந்துவிடும். 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் மக்கள் ஏறத்தாழ 1,500 பேர் தங்கள் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, போர்ட் லூயியிலும் செஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். 2025 ஒப்பந்தம் டியேகோ கார்சியா தவிர்த்த தீவுகளில் மீள்குடியேற்றத்துக்கு வழி வைக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்கு இடம் தரப்படவில்லை என்று அந்த மக்களில் பலர் மனம் நொந்து கூறினார்கள். மொரீசியஸ் வென்றது என்று நாம் எழுதும் வாக்கியத்தில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அவர்களில் பலர் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். நம் மொழியான கிரியோலிலேயே பேசுகிறார்கள். கேட்பதற்குத் தடையொன்றும் இல்லை.

எங்கே தொடங்குவது என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தடித்த பாடநூலை முதலில் தூக்க வேண்டாம். ஐ.நா. சாசனத்தை எடுங்கள், 111 உறுப்புகள்தான், இரண்டு மாலைகளில் படித்துவிடலாம். வரலாறும் பொருளியலும் கொஞ்சம் சட்டமும் இல்லாமல் இந்தப் படிப்பு நிற்காது; ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் பள்ளியிலேயே கற்றுவிட்டதால் உங்களுக்குப் பாதி ஆப்பிரிக்காவின் ஆவணங்கள் நேரடியாகத் திறந்திருக்கின்றன, அதை வீணாக்காதீர்கள். இந்தியப் பெருங்கடல் ஆணையம், இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கம் ஆகிய இரண்டுக்கும் தலைமைச் செயலகம் ரோஸ் ஹில்லுக்குப் பக்கத்திலுள்ள எபேனில்தான் இருக்கிறது. 2017, 2019 ஆண்டுகளின் இரு வாக்குப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிலை மாறிய நாடுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் ஏன் மாறியது என்று தேடுங்கள். அது முடிந்ததும் நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தையும், அதற்கு உடன்படாத ஒரே நீதிபதி எழுதியதையும் படித்து, பிரிட்டனின் வழக்கறிஞராக நின்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு எங்கெங்கே மாறுபடுகிறேன் என்று குறித்து அனுப்புகிறேன்.